அந்த வண்டியின் நம்பரை நான் படிக்கவில்லை

நம் ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு நாலு வருடமாக நடக்கிறது. பிலாயில் இருக்கிற உன் காதுக்கும் யாராவது அதைக் கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள். டீச்சரம்மா அன்றைக்கே அந்த மோட்டார் சைக்கிளை வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார், மகன்தான் காது கொடுக்கவில்லை, அவனுக்காகத்தான் கடைசியில் இசைந்தார் என்கிறார்கள். கோயிலில் என் பக்கத்தில் முழந்தாளிடுகிற பெண்கள்கூட, பூசை முடிந்து வெளியே வரும்போது, “ஒங்க பேச்சைக் கேட்டிருந்தா புள்ளை இம்புட்டுத் தூரம் போயிருக்குமா” என்று என்னைத் தேற்றுகிறார்கள். நான் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பார்த்த மூன்று வண்டிகளில் அதையே வாங்கு என்று உனக்குச் சொன்னவள் நான். இது உனக்குத் தெரியும். தெரிந்தும், தாயை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நீ யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதன் ஒரு படியை நம் பங்குச் சாமியாரிடம் கொடுத்து, பங்கின் மாதத்தாளில் அச்சிடக் கேட்டிருக்கிறேன். அவர் இரண்டு பக்கம் படித்துவிட்டு, இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் போதாதா அம்மா என்றார். நான் பொய் சொன்னது பாவசங்கீர்த்தனக் கூட்டில் இல்லை சாமி, வாசலில் வைத்து, நாலு பேர் கேட்கச் சொன்னேன் என்றேன். அவர் மீதிப் பக்கங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஆகையால் நீ படிக்கிற இதே வரிகளை ஆவூரில் எழுத்துக் கூட்டத் தெரிந்த எல்லோரும் படிப்பார்கள். அது உனக்குக் கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள். எனக்கு அதைவிட அதிகமாக இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன் உன் கடிதம் வந்தது. ஆலைக்கும் குடியிருப்புக்கும் தூரம் அதிகம், இரண்டு பழைய வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்று புல்லட், இன்னொன்று இரண்டு சைலன்சர் வைத்த மைசூர் வண்டி, எதை வாங்கலாம் அம்மா என்று கேட்டிருந்தாய். ஒரு விதவைத் தாயிடம் மோட்டார் சைக்கிளைப் பற்றி யோசனை கேட்கிற மகன் இந்த நாட்டில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். படித்தபோது பெருமையாக இருந்தது. அடுத்த வரியில், “இந்தத் தடவை கருப்பையா மாதிரி யாரையும் பக்கத்தில் சேர்க்க மாட்டேன்” என்று எழுதியிருந்தாய். அந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பகுதியையும் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீ என் வாயால் கேட்டபடிதான் அறிந்திருக்கிறாய். உனக்குத் திருவரங்குளம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் விவசாயப் பிரிவில் வேலை கிடைத்தது. விதையும் உரமும் பற்றிச் சொல்ல ஊர் ஊராகச் சைக்கிளில் போனாய். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் தவறினால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நீ வரமாட்டாய். உன் அப்பா போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தட்டில் மட்டும் சோறு போட்டுச் சாப்பிடுவது எனக்குப் பழகவே இல்லை. அதனால் மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, உன்னைவிட எனக்குத்தான் அவசரம். இதையும் நான் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. உத்தியோகத்துக்கு மரியாதை என்றுதான் சொன்னேன்.

கருப்பையாவை நீதான் கூட்டிவந்தாய். திருவரங்குளத்துக்காரன், யுத்தத்தின்போது பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் இருந்தவன், புதுக்கோட்டையில் ஒரு கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். உன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவன். உன்னைத் தம்பி என்பான், நீ அவனை அண்ணன் என்பாய். எனக்கு அது பிடிக்கவில்லை. படித்தவன் ஒரு மெக்கானிக்கை அண்ணன் என்பதாவது என்று உன்னைக் கடிந்துகொண்டேன். அவன் வந்த நாளெல்லாம் வாசலோடு நிறுத்திக் காபி கொடுத்தேன். அந்த டம்ளரை நான் எங்கே தனியாக வைத்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். கான்வென்டில் கன்னியர் எங்களுக்கு எத்தனையோ கற்றுக்கொடுத்தார்கள். அந்த டம்ளரை நான் அவர்களிடம் கற்கவில்லை, ஆனால் அவர்கள் கற்றுக்கொடுத்த எதுவும் என்னைத் தடுக்கவும் இல்லை.

மூன்று வண்டிகள் பார்த்தோம். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, வகுப்பில் பாடம் எழுதுவது போல ஒவ்வொன்றின் குணத்தையும் எழுதினேன். முதலாவது, கீரனூரில் ஓய்வுபெற்ற ஒரு சுபேதாரிடம் இருந்த பட்டாள வண்டி. யுத்தம் முடிந்து ஏலத்தில் எடுத்தது, சமஸ்தானம் இருந்த நாளிலேயே பதிந்தது. கறுப்புப் பெயின்ட் உரிந்த இடத்தில் பட்டாளத்துப் பச்சை தெரிந்தது. கைப்பிடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைச் சரியாகத் தள்ளி வைக்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி முழங்காலில் அடிக்கும் என்றார் சுபேதார். இரண்டாவது, மைசூரில் செய்கிற வண்டி. கிக்கரே கியரும் ஆகிவிடுகிற அதிசயம் அதில் இருந்தது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். மூன்றாவது, ஒரு ரோடு கான்ட்ராக்டரிடம் இருந்த புல்லட். டேங்கில் முகம் பார்க்கலாம். அது நின்ற இடத்தில் துடிக்கும் சத்தம் நம் கோயில் மேளத்தில் பெரிய மேளத்தைப் போல இருக்கிறது என்று நீ சொன்னாய்.

கருப்பையா பட்டாள வண்டியைத்தான் வாங்கச் சொன்னான். “பாக்க லெட்சணமா இருக்காது தம்பி. ஆனா அதுல எல்லாம் வெளிய தெரியுது. எது தேஞ்சிருக்குன்னு அதுவே சொல்லிப்புடும். புல்லட்டு நல்ல வண்டிதான், அந்த ஆளு கையில இருந்ததுதான் யோசனையா இருக்கு” என்றான். என் நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதவில்லை. அந்தக் கான்ட்ராக்டர் என்னிடம் இங்கிலீஷில் பேசினார். என்னுடைய உச்சரிப்பைக் கேட்டு, எந்த கான்வென்ட் என்று விசாரித்தார். உன் அப்பா இறந்த பிறகு என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. சுபேதார் வீட்டில் மோர் கொடுத்து உபசரித்தார்கள், ஆனால் இங்கிலீஷ் இல்லை. எனவே புல்லட் என்று முடிவு செய்தேன். கட்டம் போட்ட அந்தப் பக்கத்துக்கு எந்த வேலையும் இல்லாமல் போயிற்று.

இனி என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போதே எனக்கு வெள்ளெழுத்து வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். கண்ணாடி போட்டுக்கொள் என்று அவர் சொன்னபோதெல்லாம், உங்களைப் போல மூக்கில் கம்பி மாட்டிக்கொள்ள எனக்கு வயதாகவில்லை என்று கேலி செய்தேன். அவர் இருந்தவரை, வீட்டுக்கு வருகிற இங்கிலீஷ் காகிதங்களை அவர் முதலில் பார்த்து, மெதுவாக என் காதில் சொல்லிவிடுவார். நான் படிப்பது போலப் படிப்பேன். இந்த ஊரில் மலாயாக் கடிதமோ, சர்க்கார் ஓலையோ, எதுவானாலும் டீச்சரம்மா படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஒரு வேலை நடக்கும். நான் சொன்ன பிறகு வேறு யாரிடமும் காட்ட மாட்டார்கள். அவர் போன பிறகு நான் ஊகித்துப் படித்தேன். மலாயாக் கடிதங்களில் பாதி எப்போதும் ஒன்றுதானே. சுகம், சுகத்துக்கு எழுதவும், மழை, பணம் அடுத்த மாதம். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதையே நான் படிக்கிறேன் என்பதற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். பெரிய பூசை முடிந்து ஜனம் கலையவில்லை. கான்ட்ராக்டர் வண்டியை நம் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். பேச்சு முடிந்ததும் கோயில் முன்னால் நிறுத்தி, சாமியாரை மந்திரிக்கச் சொல்வது என்று ஏற்பாடு. உபதேசியார் தீர்த்தச் செம்போடு தயாராக நின்றார். கருப்பையா தரையில் மண்டியிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினைத் துடைத்து, அதில் வெட்டியிருந்த நம்பரின் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆர்.சி. புத்தகம் என் கையில், அதில் பதிந்த நம்பரோடு நான் ஒத்துப் பார்க்க வேண்டும். அவன் ஒன்று சொல்ல, நான் சரி என்றேன். அடுத்தது சொல்ல, சரி என்றேன். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு சாம்பல் நிறக் கோடு. கோட்டின் நீளம் ஏறக்குறைய அவன் சொல்கிற அளவுக்கு இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் எட்டு முறை சரி சொன்னேன்.

முடிந்ததும் அவன் எழுந்து வந்து, “கடைசி நாலையும் ஒருக்கா நானும் பாத்துக்கிறேனுங்க டீச்சரம்மா” என்று கையை நீட்டினான். நான் புத்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டேன். “கையைப் பாத்தியா கருப்பையா? இது சர்க்கார் புத்தகம். நான் படிச்சது போதாதுன்னா ஒன் ஊரு வாத்தியாரைக் கூட்டியா” என்றேன். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். கான்ட்ராக்டர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நீயும் லேசாகச் சிரித்தாய். கருப்பையா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அங்கிட்டுப் போய் நின்றான். அந்தக் கை நீண்டபோது நான் புத்தகத்தைக் கொடுத்திருந்தால், எழுத்துத் தெரிகிற எந்த மனிதனுக்கும் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். கடைசி நான்கு இலக்கங்களும் வேறு.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். வண்டியைக் கருப்பையா ஒரு வாரம் தன் கொட்டகையில் வைத்து எஞ்சினை இறக்கி, ரிங் மாற்றிக் கொடுத்தான். இரண்டு மாதம் ஞாயிறு தவறாமல் நீ வந்தாய். பெயர் மாற்றத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது, வண்டி சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் எஞ்சின் நம்பர் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை என்று கண்டார். எஞ்சின் காரைக்குடிப் பக்கம் காணாமல் போன ஒரு வண்டியுடையது. வண்டியைப் பிடித்து வைத்தார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த நீ ஸ்டேஷனுக்கும் ஆபீசுக்கும் பதில் சொல்லி அலைந்தாய். கான்ட்ராக்டர், நான் விற்றபோது எஞ்சின் சரியாகத்தான் இருந்தது, ஆவூர் ஜனமெல்லாம் பார்க்க அந்த அம்மாவே நம்பரைச் சரிபார்த்தார்கள், போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சப் இன்ஸ்பெக்டர் நம் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு நம்பர் ஒத்துப்போனதா அம்மா என்று கேட்டார். வாசலில் பக்கத்து வீட்டார் நின்றார்கள். நீ என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாய். ஒத்துப்போனது என்றேன். நன்றாகப் பார்த்தீர்களா என்று இன்னொரு முறை கேட்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவளுக்கு எண் தெரியாதா என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். நான் சொன்னதன் பொருள் என்ன என்று அவர் தெருவைத் தாண்டுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. வாங்கிய அன்று எண் சரியாக இருந்ததென்றால், எஞ்சின் மாறியது கருப்பையாவின் கொட்டகையில். நான் பொய் சொல்லாதவள் என்றால், அவன் திருடன். வேறு வழி இல்லை. அவரைக் கூப்பிட நேரம் இருந்தது. நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று இந்த இடத்தில் எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டேன்.

அவனை நாலு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். ருசு இல்லை என்று விட்டுவிட்டார்கள். விட்ட மறுநாள் நீ அவன் கொட்டகைக்குப் போய் நடுரோட்டில் நின்று சத்தம் போட்டாய். எங்க அம்மா பொய் சொல்லுவாங்களா என்று கேட்டாய். அவன், “அவுக பொய் சொல்ல மாட்டாக தம்பி” என்றான். வீட்டுக்கு வந்து, அவனே ஒத்துக்கொண்டான் அம்மா என்று என்னிடம் சொன்னாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதையும் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் கொட்டகைக்கு வண்டி வரவில்லை. உனக்கு இங்கே தலை காட்டப் பிடிக்காமல் வேலையை விட்டு வடக்கே போனாய். ஞாயிற்றுக்கிழமைக்காக நான் செய்தது எல்லாம் அப்படி முடிந்தது.

போன வருடம் கண்ணாடி வாங்கினேன். ஊராருடைய கடிதங்களை ஊகித்துப் படித்தவளுக்கு உன் கடிதத்தை ஊகிக்க முடியவில்லை. நீ எழுதுவது எனக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. கண்ணாடி போட்டுப் படித்தேன், உன் கையெழுத்து எத்தனை சிறியது என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடி வாங்கியும் வாயைத் திறக்க இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. கருப்பையாவைப் பற்றிய அந்த ஒரு வரியை நீ எழுதாதிருந்தால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ, எனக்கே தெரியாது.

விசாரித்ததில் அவன் மீமிசலில் மீன் லாரிகளுக்கு வேலை பார்க்கிறான் என்று தெரிந்தது. போன செவ்வாய்க்கிழமை புதுக்கோட்டை போய், அறந்தாங்கி போய், மீமிசல் பஸ் பிடித்தேன். மீன் இறக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால்களை வைத்து அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை, குரலை வைத்துத்தான் தெரிந்தது. வெளியே வந்து என்னைப் பார்த்ததும் முதலில் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான். “கருப்பையா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்” என்றேன். அவன், “என்ன டீச்சரம்மா, நீங்க போயி என்னைய நீங்கன்னுக்கிட்டு. ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?” என்று உண்மையாகவே பயந்து கேட்டான்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு நான் நம்பரைப் படிக்கவில்லை, எனக்குக் கண் தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

“தெரியுமுங்க” என்றான்.

எப்படி என்று கேட்டேன். “புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் புடிச்சீங்க. எங்க ஆத்தா அரிசியில கல்லுப் பொறுக்கையில மொறத்தை அப்படித்தான் தள்ளி வச்சுக்கும். அதான் நானும் பாக்குறேன்னு கேட்டேன்.”

பிறகு ஏன் போலீஸில் சொல்லவில்லை என்றேன். கோபம்கூட வந்தது எனக்கு, அவன் சொல்லியிருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்காதே என்று. என் புத்தியைப் பார். அவன் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, “சொன்னேனுங்க. டீச்சரம்மாவுக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னேன். அதுக்குத்தான் ரெண்டு அடி சேத்து விழுந்துச்சு” என்றான். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் மீன் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லி ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு, தோளில் கிடந்த துண்டை அதன்மேல் விரித்தான். உட்கார்ந்தேன்.

பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி, தம்பி எழுதுச்சா என்பது. நீ போன பிறகு உன் பழைய ஆபீசில் விலாசம் வாங்கி உனக்கு மூன்று கடிதம் போட்டானாம். ஒன்றுக்கும் பதில் இல்லை. “கோவமா இருக்கும். இருக்கட்டும். ஆனா ரோட்டுல வச்சுத் திருடன்னுச்சு பாருங்க, அதை மட்டும் என்னால செரிச்சுக்க முடியலை. போலீசு அடிச்சது ஆறிப்போச்சு” என்றான். நீ புதிதாக வண்டி பார்க்கிறாய் என்று சொன்னேன். உடனே அவன் முகம் தெளிந்துவிட்டது. என்ன வண்டி, எந்த வருஷம், யார் ஓட்டியது என்று கேட்டுக்கொண்டே போனான். அவன் சொன்னதை அங்கேயே எழுதிக்கொண்டேன், கண்ணாடியை அவன் முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு.

எனவே இனி வருகிற யோசனை என்னுடையதல்ல, கருப்பையாவுடையது. வண்டி பார்க்கப் போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், நீ வருமுன் யாரோ சிரமப்பட்டுக் கிளப்பி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் சொல்லாமல் போ. மைசூர் வண்டி உதைத்ததும் கிளம்பும், பழுது பார்ப்பது சுலபம், ஆனால் எண்ணெய் கலக்காமல் ஒரே ஒரு நாள் ஓட்டியிருந்தாலும் எஞ்சின் இறுகியிருக்கும், முன்பு ஓட்டியவர் பொறுமைசாலியா என்று பார். புல்லட்டுக்கு எடையும் உண்டு, குணமும் உண்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்த பிறகு உதைத்தால் முழங்காலுக்கு நல்லது. மேடு ஏறும் நீண்ட ரோடு உனக்கு இருந்தால் புல்லட், ஆலைக்கும் வீட்டுக்கும் மட்டும் என்றால் மற்றது. டேங்கின் பளபளப்பைப் பார்க்காதே, கால் வைக்கிற ரப்பர் எத்தனை தேய்ந்திருக்கிறது என்று பார், ஓடிய தூரத்தை அது சொல்லும். நம்பரை யார் படித்துச் சொன்னாலும் ஏற்காதே. எஞ்சின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே காகிதத்தில் ஏறும். அந்தக் காகிதத்தை ஆர்.சி. புத்தகத்தின்மேல் வைத்து நீயே பார். இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்காமல் லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

திரும்பும் வழியில் புதுக்கோட்டையில் இறங்கி ஸ்டேஷனுக்குப் போனேன். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இப்போது இருக்கிற சப் இன்ஸ்பெக்டர் வேறு ஆள், வயதில் உன்னைவிடச் சிறியவர். படித்துவிட்டு, பழைய கேஸ் அம்மா, இதனால் இனி என்ன ஆகப்போகிறது என்றார். ஆனாலும் பழைய கேஸ் கட்டோடு சேர்த்தார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதத்தாள் அச்சானதும் ஒன்றை மீமிசலுக்கு அனுப்புவேன். அவனுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். மீமிசல் போகும்வரை அதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை. அது உன் இஷ்டம், எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஆனால் கருப்பையாவுக்கு உடனே எழுது. அவன் கடிதங்கள் உன் பெட்டியில் இருந்தால், அவற்றைப் படித்துவிட்டு எழுது. திருடன் என்று சொன்ன வார்த்தையை எடுத்துவிட்டேன் என்று எழுது, அண்ணன் என்று எழுது. மீமிசல் தபாலாபீஸ், மீன் லாரி மெக்கானிக் கருப்பையா என்று போட்டால் சேரும். எழுதியதும் எனக்கு ஒரு கார்டு போடு. யார் மூலமாவது வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பாதே. கருப்பையாவுக்கு எழுதிவிட்டேன் என்று உன் கையால் எழுதி அனுப்பு.